ஒரு துப்பாக்கி, ரெண்டு தோட்டா, எந்தக் கண்ணாடி?

நம்மூரில் 'தலைவலி' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? சுக்குப் பற்று, மிளகு ரசம், நீலகிரித் தைலம், கண் டாக்டர், வாசல் திசை என்று ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழும். டெக்ஸாஸில் அந்த அனுபவம் வேண்டுமானால், 'என் ரைஃபிளுக்கு ஒரு ஸ்கோப் வாங்கணும், எது நல்லது?' என்று கேட்டால் போதும். பெட்ரோல் போட வந்தவர், தபால் கொண்டு வந்தவர், பல் டாக்டர்... எல்லோரிடமும் ஒரு பதில் ரெடியாக இருக்கும். எந்த ரெண்டு பதிலும் ஒத்துப் போகாது!

என் கேஸ் இன்னும் கொஞ்சம் சிக்கல். என்னிடம் இருக்கும் ரைஃபிளில் ரெண்டு ஜாதித் தோட்டா போடலாம். ஒன்று ஒலியை முந்திக்கொண்டு போவது. இன்னொன்று ஒலிக்குப் பின்னால் நிதானமாகப் போவது. துப்பாக்கி ஒன்றுதான், குழாய் ஒன்றுதான், குறிபார்க்கும் கண்ணாடியும் ஒன்றுதான். ஆனால் தோட்டா போய் விழும் இடம் ரெண்டு. இதற்கு என்ன கண்ணாடி மாட்டுவது என்பதுதான் விவகாரம்.

"உமக்கெதுக்குய்யா துப்பாக்கி?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சான் அன்டோனியோவுக்குத் தெற்கே எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வேர்க்கடலையும் வெண்டைக்காயும் போடுகிறேன். விதைப்பது நான். சாப்பிடுவது காட்டுப் பன்றிகள். 1539-ல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்கிற ஸ்பெயின்காரர் ஃபுளோரிடாவில் இறங்கியபோது, வழியில் சாப்பாட்டுக்கு ஆகும் என்று பன்றிகளையும் ஓட்டி வந்தார். அப்படி வந்து, தப்பி, பெருகி, அப்புறம் வேட்டைக்காகக் கொண்டு வந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப் பன்றியோடும் கலந்து, இன்றைக்கு டெக்ஸாஸில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மக்காச்சோளம் விதைத்த அன்று ராத்திரியே வந்து, சால் பிடித்த மாதிரி வரிசையாக மூக்கால் உழுது, ஒரு விதை விடாமல் தின்றுவிட்டுப் போகும். 2019 செப்டம்பர் முதல், தனியார் நிலத்தில் நிலத்துக்காரர் சம்மதத்தோடு பன்றி சுடுவதற்கு வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம் என்று அரசே சொல்லிவிட்டது. அந்த அளவுக்குத் தொல்லை.

அவை ஒளிந்துகொள்ளும் புதர் என்ன தெரியுமா? மெஸ்கீட். நம்ம ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஊரை விட்டு வந்தாலும் முள் விடவில்லை!

சரி, தோட்டாவுக்கு வருவோம். அதன் பெயர் .300 பிளாக்அவுட். மின்வெட்டை ஞாபகப்படுத்தும் பெயர். அட்வான்ஸ்டு ஆர்மமெண்ட் என்கிற அமெரிக்கக் கம்பெனி உருவாக்கி, 2011-ல் அந்த நாட்டுத் தோட்டாத் தயாரிப்பாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன்னாலேயே ஜே.டி. ஜோன்ஸ் என்பவர் .300 விஸ்பர் என்ற பெயரில் கிட்டத்தட்ட இதையே செய்து வைத்திருந்தார். யோசனை என்னவென்றால், ஏ.ஆர்-15 என்கிற ரைஃபிள் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதில் குழாயை மட்டும் மாற்றினால் போதும். மற்ற எல்லாம், தோட்டா அடுக்கும் மேகஸின் உட்பட, பழையதே பொருந்தும். (வாரா வாரம் நீங்கள் வாங்கும் மேகஸின் இல்லை. இது வேற!)

இந்தத் தோட்டா ரெண்டு எடையில் வருகிறது. துப்பாக்கிக்காரர்கள் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். நமக்கு சவரன் கணக்கே சௌகரியம். லேசான குண்டு 110 கிரெயின், அதாவது 7 கிராம் சொச்சம். ஒரு சவரனுக்குக் கொஞ்சம் குறைச்சல். விநாடிக்கு 2,350 அடி வேகத்தில் பாயும். கனமான குண்டு 220 கிரெயின், 14 கிராமுக்கு மேல். ஒண்ணே முக்கால் சவரன். விநாடிக்கு ஆயிரம் அடி சொச்சம்தான். காற்றில் ஒலியின் வேகம் சாதாரண வெயிலில் 1,125 அடி. ஆக ஒன்று ஒலியை ரெண்டு மடங்கு முந்துகிறது. இன்னொன்று ஒலியைத் தொடாமல் அடக்கமாகப் போகிறது.

(இதை வீட்டில் சவரன் கணக்கில் விளக்கினது தப்பாகப் போயிற்று. "ஏங்க, ஒவ்வொரு தடவையும் ஒண்ணே முக்கால் சவரனைக் காட்டுக்குள்ள எறியறீங்களா?" என்று ஒரே கேள்வி. ஈயம்மா, ஈயம்!)

எதற்கு இந்த அடக்கம்? சாட்டையைச் சொடுக்கினால் 'சடீர்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது சாட்டை நுனி ஒலியைவிட வேகமாகப் போவதால் வருவது. வேகமான தோட்டாவும் போகிற வழியெல்லாம் அப்படிச் சொடுக்கிக்கொண்டே போகும். ஹைரம் பெர்சி மாக்ஸிம் 1909-ல் காப்புரிமை வாங்கின சைலன்சர், குழாய் வாயில் வரும் வெடிச் சத்தத்தைத்தான் குறைக்கும். (இவர் அப்பாதான் மெஷின்கன் கண்டுபிடித்தவர். அப்பா போட்ட சத்தத்துக்குப் பிள்ளை பரிகாரம்!) தோட்டா காற்றில் போடும் சாட்டைச் சத்தத்தை எந்த சைலன்சரும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஒரே வழி, மெதுவாகப் போகிற தோட்டா. அப்போதும் சினிமா வில்லன் துப்பாக்கி மாதிரி 'புஸ்க்' என்று வராது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குச் சுட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்திருக்காது. மந்தையில் மற்ற பன்றிகள் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ஒரு நிமிஷம் முழிக்கும்.

சத்தத்தில் லாபம். விலை எங்கே கொடுக்கிறோம்? விழுகிற இடத்தில்.

மேலே எறிந்தாலும் பக்கவாட்டில் சுட்டாலும் பூமி இழுப்பது ஒரே வேகத்தில்தான். மெதுவாகப் போகிற தோட்டா காற்றில் அதிக நேரம் இருக்கிறது, அதனால் அதிகம் இறங்குகிறது. ரெண்டு தோட்டாவுக்கும் நடுவே இறக்க வித்தியாசம் 50 கஜத்தில் சுமார் மூன்றரை அங்குலம். 100 கஜத்தில்? ஏழு என்று சொல்லத் தோன்றும். இல்லை, பதினாலரை! 150 கஜத்தில் 32 அங்குலம். தூரம் ரெட்டித்தால் இறக்கம் நாலு மடங்கு. கலிலியோ சொன்ன அதே கணக்கு. இது தாளில் போட்ட கணக்கு. நிஜத்தில் ரெண்டு தோட்டாவும் குழாயை வேறு வேறு விதமாக அதிர வைப்பதால், இடம் வலமாகவும் கொஞ்சம் நகரும்.

பதினாலரை அங்குலம் என்பது பன்றியின் உடம்பில் எவ்வளவு? இதயமும் நுரையீரலும் முன்னங்கால் மூட்டை ஒட்டிப் பின்னால், தாழ்வாக இருக்கின்றன. ஒரு டிபன் தட்டு அகலம். அங்கே பட்டால் சில விநாடிகளில் விழுந்துவிடும். பதினாலரை அங்குலம் கீழே போனால் இருப்பது கால்.

அது வெறும் கணக்கில்லை என்று எனக்குக் காட்டியது பக்கத்துப் பண்ணைக்காரரின் அனுபவம். எழுபது வயசு. பிறந்ததிலிருந்து மாடும் துப்பாக்கியுமாக வாழ்கிறவர். போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், அவருடைய ரைஃபிள் வேகத் தோட்டாவுக்குக் குறி வைத்திருந்தது. பேரன் எடுத்துக் கொடுத்த மேகஸினில் இருந்தது மெதுவான தோட்டா. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு மேகஸினும் இரட்டைப் பிள்ளைகள். நூறு கஜத்தில் பெரிய ஆண் பன்றி. நிதானமாக, சரியான இடம் பார்த்துச் சுட்டார். பன்றி ஒரு அலறல் அலறிவிட்டு மூன்று காலில் முள்ளுக்குள் போய்விட்டது. அன்று ராத்திரி முழுக்க டார்ச் வெளிச்சத்தில் தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். மூன்றாம் நாள் கழுகு வட்டமிட்டதைப் பார்த்துத்தான் இடம் தெரிந்தது.

"எனக்குப் பன்றியைப் பிடிக்காது. ஆனா எந்தப் பிராணிக்கும் அந்த மூணு நாள் வரக்கூடாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் இந்தக் கண்ணாடி விஷயத்தை நான் 'எது பார்க்க அழகாக இருக்கும்' என்கிற தினுசில் யோசிக்கவே இல்லை.

கடைக்குப் போனால் முதலில் காட்டுவது ரெட் டாட். சின்னக் கண்ணாடி, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒன்றும் பெரிதாகக் காட்டாது. ரெண்டு கண்ணையும் திறந்துகொண்டு, புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே சுட வேண்டியது. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் கம்பெனி 1975-ல் முதல் மாடலை விட்டது. இன்று அவர்கள் செய்யும் சில மாடல்களில் ஒரே பாட்டரி அஞ்சு வருஷம் எரிகிறது. லேசு, வேகம், உறுதி. 50 கஜத்துக்குள், ஒரே வகைத் தோட்டா மட்டும் போடுவேன் என்கிறவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆனால் தோட்டா மாற்றினால் அந்த ஒற்றைப் புள்ளி பாவம் என்ன செய்யும்? 'பதினாலு அங்குலம் மேலே பிடி' என்று நீங்கள்தான் மனசுக்குள் அளக்க வேண்டும். இருட்டில், மூச்சு வாங்கிக்கொண்டு, நூறு கஜத்துக்கு அப்பால் பதினாலு அங்குலம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? எனக்கு இன்னொரு பிரச்னை வேறு. கண்ணில் ஆஸ்டிக்மாடிசம். ரெட் டாட்டைப் பார்த்தால் புள்ளி தெரிவதில்லை, கார்த்திகை மத்தாப்பு தெரிகிறது!

இதன் பங்காளி ஹாலோகிராம் வகை. ஈஓடெக் கம்பெனி இந்தத் தோட்டாவுக்காகவே ஒன்றின் கீழ் ஒன்றாக ரெண்டு புள்ளி வைத்து ஒரு மாடல் போட்டது. யோசனை பிரமாதம். ஆனால் சூட்டிலும் குளிரிலும் குறி நகர்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் ராணுவத்துக்கு விற்றதாக அமெரிக்க அரசு அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட, 2015-ல் தாய்க் கம்பெனி 2 கோடியே 56 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. இதை நான் சொல்வது அவர்களை இழிவுபடுத்த இல்லை. ஆயிரக்கணக்கில் விலை போட்ட கண்ணாடியாக இருந்தாலும், நம் குளிரில், நம் வெயிலில் ஒரு தடவை சுட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பதற்காகத்தான்.

அடுத்தது கூட்டிக் குறைக்கும் ஸ்கோப். ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கும். மேலே ஒரு திருகு இருக்கும். 'கிளிக் கிளிக்' என்று திருப்பினால் குறி ஏறும், இறங்கும். கடைக்காரர் ரொம்ப சுலபமாகச் சொன்னார்: "வேகத் தோட்டாவா, இங்கே. மெதுவா, அங்கே. அவ்வளவுதான்!" கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு கஜத்தில் ஒரு தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற 40 கிளிக். ஐம்பது கஜத்தில் அது சுமார் 20 கிளிக்தான். ஆக தோட்டாவும் ஞாபகம் இருக்க வேண்டும், தூரமும் ஞாபகம் இருக்க வேண்டும், கடைசியாகத் திருகினது எந்தப் பக்கம் என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பினால் பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் திரும்பி வருகிற வர்க்கம் நான். எனக்கு ஒத்து வராது.

திருக வேண்டாம், கண்ணாடிக்குள்ளேயே கோடு போட்டுத் தருகிறோம் என்கிறார்கள் சிலர். மேல் கோடு வேகத் தோட்டாவுக்கு, கீழ்க் கோடு மெதுவானதுக்கு. நிக்கான் கம்பெனி இந்த .300-க்காகவே ரெண்டு வகைக்கும் குறி போட்ட ஒரு ஸ்கோப் செய்து நல்ல பெயர் வாங்கியது. அப்புறம் துப்பாக்கி ஸ்கோப் வியாபாரத்தையே விட்டுவிட்டது. டிரைஜிகான், பிரைமரி ஆர்ம்ஸ் போன்றவர்கள் இந்தத் தோட்டாவுக்கென்று கோடு போட்ட மாடல்கள் செய்கிறார்கள். இதில்தான் ஒரு பொடி விஷயம் இருக்கிறது, கவனியுங்கள்.

பல ஸ்கோப்களில், பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பினால் பன்றி பெரிசாகும், சிறிசாகும். கோடு மட்டும் அப்படியே நிற்கும். அந்தக் கோடுகளின் கணக்கு ஒரே ஒரு பெரிதாக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் ஆகப் பெரியதில். ஆறு மடங்கில் 14 அங்குலம் காட்டுகிற கோடு, மூன்றுக்குத் திருப்பினால் 28 அங்குலம் காட்டும். இருட்டும் நேரத்தில் வெளிச்சம் போதவில்லையென்று எல்லோரும் முதலில் செய்கிற காரியம் என்ன? பெரிதாக்கத்தைக் குறைப்பது! காலைப் பார்த்து விழ வேண்டிய தோட்டா இப்போது முதுகுக்கு மேலே போகும். கோடு போட்ட ஸ்கோப் வாங்குகிறவர்கள் 'இது முதல் தளமா, ரெண்டாம் தளமா?' என்று கேட்டே ஆகவேண்டும். முதல் தளம் என்றால் கோடும் கூடவே வளரும். கணக்கு மாறாது. ஆனால் குறைந்த பெரிதாக்கத்தில் கோடுகள் எறும்பு வரிசை மாதிரி ஆகிவிடும். அது வேறு கஷ்டம்.

இந்தக் கோடுகளில் எனக்கு ஒரு ஆச்சரியம். வேகத் தோட்டாவை ஆளுக்கொரு வேகத்தில் செய்கிறார்கள். ஒரு பெட்டி 2,350, இன்னொரு பெட்டி 2,200. கம்பெனி மாறினால் கோடு பொய்யாகும். மெதுவான தோட்டா அப்படியில்லை. ஒலியைத் தாண்டக்கூடாது, ரொம்பவும் குறையக்கூடாது. அதனால் யார் செய்தாலும் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். தாழ்ந்து போகிறதே என்று நாம் பயப்படுகிற தோட்டாதான், கோட்டுக்கு அதிகம் கட்டுப்படுகிறது!

ராத்திரிக்கு தெர்மல் ஸ்கோப் இருக்கிறது. வெளிச்சத்தை இல்லை, உடம்புச் சூட்டைப் பார்க்கும். கும்மிருட்டில் பன்றி டியூப்லைட் மாதிரி வெள்ளையாக நிற்கும். இந்த ஸ்கோப்கள் பலவற்றில் குறியை நாலைந்து விதமாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டனைத் தட்டினால் தோட்டாவுக்குத் தகுந்த குறி. ரெண்டு தோட்டாக்காரனுக்குக் கடவுள் கொடுத்த வசதி என்றுதான் முதலில் நினைத்தேன். பண்ணைக்காரருடையதை வாங்கி ரெண்டு ராத்திரி பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. அந்தத் திரையில் தூரம் தெரியாது. எழுபது கஜத்தில் குட்டியும் நூற்றைம்பது கஜத்தில் கொழுத்ததும் ஒரே அளவாகத் தெரியும். மெதுவான தோட்டாவுக்கு 125 கஜத்துக்கு அருகில் பத்து கஜம் தப்பாகக் கணித்தாலே மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். லேசர் தூரமானி சேர்ந்த தெர்மல் என்றால் சரி. அதன் விலையைக் கேட்டுவிட்டு நான் வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் நான் வாங்கினது பிரிசம் வகை. மூன்று மடங்கு மட்டும் பெரிதாக்கும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதனால் கோடு பொய் சொல்ல வழியே இல்லை. கோட்டைக் கண்ணாடியிலேயே செதுக்கியிருக்கிறார்கள். பாட்டரி செத்தாலும் கறுப்பாகத் தெரியும். என் மத்தாப்புக் கண்ணுக்கும் அது கோடாகவே தெரிகிறது. குறை? கண்ணை ஒரே இடத்தில், கிட்டத்தில் வைக்க வேண்டும். ஓடுகிற பன்றிக்கு இது லாயக்கில்லை. நான் ஓடுகிற பன்றியைச் சுடுவதில்லை.

மெதுவான தோட்டாவுக்கு 50 கஜத்தில் நடுக்குறி வைத்தேன். அதே குறியில் 100 கஜத்தில் ஏழு அங்குலம் இறங்குகிறது. அந்தத் தோட்டாவுக்கு எனக்கு நூறு கஜம்தான் லட்சுமணன் கோடு. குறி எட்டினாலும், அதன் சக்தி .45 கைத்துப்பாக்கியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. மெதுவான வேகத்திலும் விரிகிற மாதிரி செய்த குண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். ரொம்பக் கிட்டத்தில், கூண்டில் மாட்டின பன்றி என்றால், கண்ணாடி குழாய்க்கு ரெண்டரை அங்குலம் மேலே இருப்பதால் ஒன்றிரண்டு அங்குலம் கீழேதான் படும். இதையெல்லாம் காகிதத்தில் சுட்டுப் பார்த்து எழுதி, ரைஃபிள் கட்டையில் ஒட்டியிருக்கிறேன். சைலன்சர் மாட்டி ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை. ரெண்டும் ஒரே இடத்தில் படுவதில்லை.

மேகஸினுக்கு நிற டேப். வேகத்துக்குச் சிவப்பு, மெதுவுக்கு நீலம். பண்ணைக்காரரும் அப்படியே ஒட்டிவிட்டார். பேரன் மேகஸினைக் கொடுக்கும்போது நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் வாங்குவார். சாதாரண 5.56 ரைஃபிள் மேகஸின்களை அலமாரியில் தனித் தட்டில் பூட்டி வைத்திருக்கிறார். அதற்குக் காரணம் வேறு. இந்தத் தடித்த .300 தோட்டா அந்த ஒல்லிக் குழாய்த் துப்பாக்கியிலும் சில சமயம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். குதிரையை இழுத்தால் குண்டு போக வழியில்லாமல் துப்பாக்கியே வெடிக்கும். முகத்துக்கு அரை அடி தூரத்தில்.

போன வாரம் நீல மேகஸினோடு உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரிய பன்றி வந்தது. தூரமானி 140 என்றது. பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பன்றி நிதானமாக என் வேர்க்கடலையைத் தின்றுவிட்டுப் போயிற்று.

வெண்டைப் பாத்தியை மட்டும் அது தொடவில்லை. என் மனைவி அதைச் சுற்றி பாட்டரியில் ஓடும் கம்பி வேலி போட்டிருக்கிறாள். மூக்கு பட்டால் சுள்ளென்று உறைக்கும், உயிர் போகாது. விலை, என் பிரிசத்தில் பாதி.